டாப் எண்டும் டம்மி சுவிட்சும்

ஆணி ஜாஸ்தியாயிட்டதால ரெண்டு மாசமா இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல. இப்பவும் எழுதற மூட் இல்லதான். ஆனா போன வாரம் சக பதிவர் ஒருத்தர், "எஸ்யூவி வாங்கினா டாப் எண்ட் வாங்கு, இல்லேன்னா பஸ்ல போ"ன்னு ஒரு பதிவு போட்டிருந்தாரு. அதுக்குப் பின்னூட்டம் எழுதத்தான் உக்காந்தேன். நாலு வரி நாப்பது வரியாச்சு. சரி, அடுத்தவர் வீட்டுத் திண்ணையில எதுக்கு இவ்ளோ நேரம்னு நம்ம வீட்டுக்கே வந்துட்டேன். நண்பர் கோச்சுக்க மாட்டாரு. கோச்சுக்கிட்டா ஓசூர் வரட்டும், பிரியாணி வாங்கித் தரேன்.

டிஸ்கி: நான் கார் நிபுணன் கிடையாது. ஓசூர் சிப்காட்ல பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனி ஒண்ணுல சூப்பர்வைசர். கார் டேஷ்போர்டுக்கு வேண்டிய சின்னச் சின்ன ஐட்டம் அடிக்கிறோம். அதுல ஒண்ணு டம்மி சுவிட்ச். தெரியும்ல? கீழ் மாடல் வண்டியில ஸ்டியரிங் பக்கத்துல சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணும் எழுதாம ஒரு கறுப்பு மூடி இருக்குமே, அதுதான். அமுக்கினா அமுங்காது. நீ காசு கம்மியா குடுத்தவன்னு தினமும் காலையில ஞாபகப்படுத்தறதைத் தவிர அதுக்கு வேற வேலையே கிடையாது. அந்த மூடியை அடிக்கிற கை என் கைதான். அதனால இந்த விஷயத்துல பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்குன்னு நினைக்கிறேன்.

கதைக்கு வருவோம். என் மச்சினன் கார் வாங்கணும்னு ஆரம்பிச்சான். சின்ன கார் இல்லை, இந்த கிரெட்டா, செல்டோஸ், கிராண்ட் விட்டாரா, டைகுன் சைஸ் எஸ்யூவி. அவனும் சிப்காட்ல ஷிப்ட் வேலைதான். வீட்டுல பொண்டாட்டி, ரெண்டு பசங்க, என் மாமியார். ஒருநாள் சாயந்திரம் நாலு கம்பெனி பிரவுச்சரைக் கொண்டாந்து எங்க வீட்டு ஹால்ல பரப்பிட்டான். பஞ்சாங்கம் பாக்கறதே சுலபம். ஒருத்தன் இ, இஎக்ஸ், எஸ், எஸ் ஓ, எஸ்எக்ஸ், எஸ்எக்ஸ் டெக், எஸ்எக்ஸ் ஓ-ங்கறான். இன்னொருத்தன் எச்.டி.இ, எச்.டி.கே, எச்.டி.எக்ஸ். மாருதிக்காரன் கிரேக்கப் பள்ளிக்கூடமே நடத்தறான்: சிக்மா, டெல்டா, ஜீட்டா, ஆல்ஃபா. மாருதி 800 காலத்துல "ஏசி வெச்சதா, வெக்காததா?" அவ்ளோதான் கேள்வி. இப்ப பரீட்சை எழுதிட்டுதான் கார் வாங்கணும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஷோரூம் படலம். ஓசூர்ல ஒண்ணு, பார்டர் தாண்டி பெங்களூர் பக்கம் ஒண்ணு. (அங்க வாசல்லயே ஒரு தம்பி "பன்னி சார், பன்னி"ன்னு கூப்பிட்டாரு. கோச்சுக்கப்படாது, கன்னடத்துல 'வாங்க'ன்னு அர்த்தம்.) ரெண்டு இடத்துலயும் நடந்தது ஒண்ணுதான். நான் கேட்டேன், "பேஸ் மாடல் ஒண்ணு காட்டுங்க". "பேஸ் மாடல் ஸ்டாக்ல வரதில்ல சார்". "அதுக்கு அடுத்தது?" "அது நாலு மாசம் ஆகும் சார். டாப் எண்ட் வேணா அடுத்த வாரமே டெலிவரி". சொல்லிக்கிட்டே தலைக்கு மேல ஒரு பட்டனை அமுக்கினாரு. கண்ணாடிக் கூரை மெதுவா பின்னாடி நகர்ந்துச்சு. மச்சினன் மேல பாத்தான், அவன் பொண்டாட்டி மேல பாத்தா, பசங்க சீட்டு மேல ஏறி நின்னு மேல பாத்தாங்க. மேட்டர் முடிஞ்சுது. அந்த பட்டன் ஒண்ணு போதும், சேல்ஸ்மேன் வாயே திறக்க வேண்டாம்.

நான் மட்டும் கீழ பாத்தேன். பின் சீட்டுல நடுவுல உக்கார்றவங்களுக்கு தோள் வழியா வர்ற பெல்ட் இருக்கா? தலைக்கு ஹெட்ரெஸ்ட் இருக்கா? சேல்ஸ் தம்பிக்கு பதில் தெரியல. பாவம், அவரு மேல தப்பில்ல. இந்தக் கேள்வியை அவர்கிட்ட யாரும் கேட்டதே இல்லையாம்.

இங்கதான் எனக்கு வயிறு எரியுது. நண்பர் பதிவுல "ஆப்ஷன்"னு பத்து தடவை எழுதியிருக்காரு. ஐயா, ஆப்ஷன்னா என்ன? எனக்கு வேணுங்கறதை நான் டிக் பண்ணணும், வேண்டாததை விட்டுடணும். நம்ம ஊர்ல அப்படியா விக்கறான்? எனக்குப் பின் கண்ணாடிக்கு வைப்பர் வேணும். ஓசூர்ல மார்கழி காலையில பனி எப்படி இறங்கும்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும். "அது இந்த வேரியன்ட்ல வராது சார், அடுத்ததுல வரும்". அடுத்ததுல வைப்பர் கூடவே பெரிய ஸ்கிரீன், அலாய் வீல், கதவோரம் கலர் லைட்டு எல்லாம் சேர்ந்து வருது. வைப்பர் சில ஆயிரம் ரூபா சமாச்சாரம். அதுக்கு நான் ஒண்ணரை லட்சம் குடுக்கணும். ரேஷன் கடையில சர்க்கரை வேணும்னா சோப்பும் வாங்குன்னு தலையில கட்டினா நாம சும்மா இருப்பமா? சண்டைக்குப் போவோம். இங்க மட்டும் கைதட்டி, மாலை போட்டு, கேக் வெட்டி வாங்கிட்டு வரோம்.

கம்பெனி பக்க நியாயத்தையும் சொல்லிடறேன், நானும் அவங்க சோத்தைத்தானே சாப்பிடறேன். பத்து ஐட்டத்தை ஒவ்வொண்ணா வேணும், வேண்டாம்னு விட்டா 1024 விதமான வண்டி ஆயிடும். எதை எவ்ளோ அடிச்சு ஸ்டாக் வெக்கறதுன்னு வெண்டரெல்லாம் பைத்தியம் புடிச்சு அலைவான். அதனால ஏழெட்டு கட்டா கட்டி விக்கறாங்க. டேஷ்போர்டுக்கும் வேரியன்ட்டுக்கு ஒரு அச்சு வெட்டி மாளாதுன்னு எல்லாத்துக்கும் பொதுவா ஒரே ஓட்டையோட அடிச்சிடறாங்க. மிச்சம் இருக்கற ஓட்டையை மூடத்தான் என் டம்மி சுவிட்ச். சரி, ஒத்துக்கறேன். ஆனா கட்டு கட்டறது நீதானே? எதை எதோட சேர்த்துக் கட்டறதுங்கறது இன்ஜினியர் கணக்கு இல்ல, வியாபாரி கணக்கு. உயிர் சம்பந்தப்பட்டதை மேல் கட்டுல வெச்சு, அதை வாங்க வெக்கறதுக்கு ஏணி மாதிரி கண்ணாடிக் கூரையை வெக்கறான் பாருங்க, அதுதான் உள்குத்து.

"சும்மா சொல்லாதய்யா, இப்பதான் எல்லாத்துலயும் 6 ஏர்பேக் இருக்கே"ன்னு கேப்பீங்க. இருக்கு. எப்படி வந்துச்சுன்னு பாருங்க. 2020 நவம்பர்ல குளோபல் என்கேப் நம்ம ஊர் செல்டோஸை மோதிப் பாத்தாங்க. அவங்க சோதிக்கிறது அடிமட்ட பாதுகாப்பு சாமான் இருக்கற வேரியன்ட்டை. அதுல 2 ஏர்பேக்தான். பெரியவங்களுக்கு 3 ஸ்டார், குழந்தைங்களுக்கு 2 ஸ்டார். 2022 ஏப்ரல்ல கிரெட்டாவுக்கும் 3 ஸ்டார்தான். அதே 2022 அக்டோபர்ல, இன்னும் கடுமையாக்கின சோதனையில குஷாக்கும் டைகுனும் 5 ஸ்டார் வாங்கினாங்க. இந்த நடுவுலதான், 2022 ஆகஸ்ட்ல செல்டோஸ்ல எல்லா வேரியன்ட்டுக்கும் 6 ஏர்பேக் வந்துச்சு, 2023 பிப்ரவரியில கிரெட்டாவுலயும் வந்துச்சு. அரசாங்கம் கட்டாயப்படுத்தினதால வரல. 6 ஏர்பேக் கட்டாயம்னு 2022-ல வரைவு போட்டாங்க, அப்புறம் 2023 அக்டோபருக்குத் தள்ளினாங்க, கடைசியில கட்டாயம் இல்லைன்னு மத்திய அமைச்சரே சொல்லிட்டாரு. அப்ப எப்படி வந்துச்சு? ஸ்டார் எத்தனைன்னு ஜனங்க கேக்க ஆரம்பிச்சாங்க. அவ்ளோதான்.

இதே மாதிரிதான் சன்ரூஃபும். முன்ன எல்லாம் உச்சாணிக் கொம்புல இருந்துச்சு. ஜனங்க கேட்டாங்க, ஒவ்வொரு கிளையா கீழ இறங்கிச்சு. 2025-ல கிரெட்டாவுல இஎக்ஸ் ஓ-ன்னு ஒரு கீழ்க்கட்டு வேரியன்ட் விட்டு, அதுலயே பெரிய கண்ணாடிக் கூரையைக் குடுத்துட்டாங்க. இதுலேர்ந்து நான் தெரிஞ்சுக்கிட்டது ஒண்ணுதான். நாம ஷோரூம்ல எதைக் கேக்கறமோ, அதைத்தான் அடுத்த வருஷம் கீழ் மாடல்ல போடுவான். நூறு பேர் மேல பாத்தா கூரை இறங்கும். நூறு பேர் பின் சீட் பெல்ட்டைப் பாத்தா பெல்ட் இறங்கும். டாப் எண்ட் வாங்குன்னு ஊருக்கு உபதேசம் பண்றது, "நீ என்னத்தைக் கட்டிக் குடுத்தாலும் நான் வாங்கிக்கறேன்"னு வெத்துத்தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுக்கறதுக்குச் சமம்.

அடுத்தது காசு. நண்பர் "மூணு லட்சம்தானே வித்தியாசம்"னு எழுதியிருக்காரு. மூணு லட்சம் "தானே"! அந்தத் "தானே"வை நான் பேப்பர் பேனா எடுத்து மச்சினனுக்குப் போட்டுக் காட்டினேன்.

பதிமூணரை லட்சத்து வண்டிக்கும் பதினாறரை லட்சத்து வண்டிக்கும் வித்தியாசம் 3 லட்சம். இந்த சைஸ் வண்டிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். ஆக அந்த 3 லட்சத்துல 85 ஆயிரத்துச் சொச்சம் வரியே. மிச்சம்தான் கண்ணாடியும் லைட்டும். அதுக்கு மேல ரோடு டாக்ஸ். தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல ஏத்தினதுல 10 லட்சத்துக்கு மேல 20 லட்சம் வரைக்கும் 18 சதவீதம். அதாவது இன்னொரு 54,000. ஆச்சா, 3,54,000. இன்சூரன்ஸ் ஏறுறதை விட்டுடுங்க. கையில காசு வெச்சுக்கிட்டா வாங்கறோம்? 9 சதவீத வட்டி, 7 வருஷ லோன்னா மாசம் சுமார் 5,700 ரூபா. 84 மாசம் கட்டி முடிக்கும்போது 4 லட்சத்து 78 ஆயிரம். மூணு லட்சம் "தானே"!

டாப் எண்ட் பக்கம் போனா இன்னொரு பள்ளம் இருக்கு. 20 லட்சம் தாண்டினா ரோடு டாக்ஸ் 20 சதவீதம், அதுவும் தாண்டின தொகைக்கு மட்டும் இல்ல, மொத்த விலைக்கும். 19,90,000 வண்டிக்கு வரி 3,58,200. 20,10,000 வண்டிக்கு 4,02,000. இருபதாயிரம் ரூபா ஐட்டம் ஒண்ணுக்கு ஆசைப்பட்டா வரி மட்டும் 43,800 கூட. சொ.செ.சூ.ன்னா இதுதான்.

"அதான் பார்டர் பக்கத்துலயே இருக்கே, கர்நாடகாவுல பதிஞ்சிட்டா?"ன்னு ஓசூர்ல டீக்கடைக்கு ஒருத்தர் ஐடியா குடுப்பாரு. அங்கயும் 10-லேர்ந்து 20 லட்சத்துக்கு 17 சதவீதம், அந்த வரி மேல செஸ் சேர்ந்தா 18-ஐ தாண்டிடும். அதோட, வண்டியை வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா அந்த ஊர் நம்பருக்கு மாத்தணும்னு மோட்டார் வாகனச் சட்டத்துலயே இருக்கு. அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் வீடும் வேலையும் இருக்கறவங்க கேஏ போடட்டும். பாகலூர் ரோட்டுல வீட்டை வெச்சுக்கிட்டு கேஏ போட்டு மிச்சம் பிடிக்கறேங்கறது வெறும் மனக்கணக்கு. பேசாம டிஎன் 70 போட்டுட்டு நிம்மதியா இருங்க.

இப்ப சொல்லப் போறது நான் எழுத நினைக்காத விஷயம். ஆனா இதைச் சொல்லாம இந்தப் பதிவுக்கு அர்த்தம் இல்ல.

என்கூட ஷிப்ட்ல இருந்த நண்பர் ஒருத்தர் மூணு வருஷம் முன்னாடி இதே சைஸ் வண்டி வாங்கினாரு. டாப் எண்ட். கம்பெனி பேர் வேண்டாம், இது வண்டியோட குத்தமும் இல்ல. பி.எஃப்.ல லோன் போட்டு, மனைவி நகையை வெச்சு வாங்கினாரு. டெலிவரி அன்னிக்கே பதினெட்டாயிரம் ரூபாய்க்கு சீட் கவர் போட்டாங்க. தேன் கலர்ல ஜோரா இருந்துச்சு. அந்தக் கவர் தைச்ச விதத்துல பின் சீட்டோட பெல்ட் பக்கிள் மூணும் உள்ள போயிடுச்சு. யாரும் கவனிக்கல. கவனிச்சாலும் பின் சீட்டுல யாரு பெல்ட் போடறாங்க நம்ம ஊர்ல?

ஒரு ராத்திரி கிருஷ்ணகிரி கல்யாணத்துக்குப் போயிட்டுத் திரும்பி ஓசூர் வராங்க. மேலுமலை ஏத்தம். அந்த ரோட்டுல போனவங்களுக்குத் தெரியும், லோடு லாரி எல்லாம் மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிற இடம். பின் லைட் எரியாத ஒரு லாரி மேல இடிச்சிட்டாரு. முன்னாடி இருந்த ரெண்டு பேருக்கும் பெல்ட், ஏர்பேக், சிராய்ப்போட போச்சு. பின்னாடி இருந்த அவங்க அம்மா முன் சீட் மேல வந்து மோதி இடுப்பெலும்பு போச்சு. அந்தம்மா எங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் கிச்சனுக்கே நேரா வந்து "என்னம்மா சமையல்?"னு கேக்கறவங்க. இப்ப கட்டில்தான். போன பொங்கலுக்குப் போய்ப் பாத்தேன். கையைப் புடிச்சுக்கிட்டு, "கார் நல்லாதாம்ப்பா இருந்துச்சு, மேல வானமெல்லாம் தெரிஞ்சுது"ன்னாங்க. எனக்குப் பேச்சே வரல.

2022 செப்டம்பர்ல சைரஸ் மிஸ்திரி பால்கர் பக்கத்துல இறந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அது மெர்சிடிஸ். அவரும் பின் சீட்டுலதான் இருந்தாரு, பெல்ட் போடலைன்னு போலீஸ் சொன்னாங்க. எந்த டாப் எண்டும் போடாத பெல்ட்டைப் போட்டு விடாது. இன்னொண்ணு, சீட்டோட பக்கவாட்டுல ஏர்பேக் இருக்கற வண்டிக்கு கண்ட கவரைத் தைச்சுப் போட்டா அது விரியறதே சந்தேகம். முன்னாடி இரும்பு பம்பர் மாட்டறதை 2017 டிசம்பர்லயே மத்திய அரசு கூடாதுன்னுடுச்சு. இன்னும் மாட்டிக்கிட்டுதான் இருக்கோம். 6 ஏர்பேக்குக்குக் காசு குடுத்துட்டு அதை மூடறதுக்கும் தனியா காசு குடுக்கறோம்.

அந்தக் கூரை பத்தி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர்ல பெங்களூர்ல ஒரு சின்னப் பையன் சன்ரூஃப் வழியா நின்னுக்கிட்டு வந்து, ரோட்டுக்குக் குறுக்க இருந்த உயரத் தடுப்புக் கம்பியில தலை மோதின வீடியோவைப் பாத்திருப்பீங்க. ஷோரூம்ல என் மச்சினன் பசங்க சீட்டு மேல ஏறி நின்னது எனக்கு அப்பதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. நம்ம ஊர்ல அதைக் கூரைன்னு யாரும் நினைக்கல, பால்கனின்னு நினைச்சுட்டாங்க.

சரி, திட்டினது போதும், என்னதான் வாங்கறதுன்னு கேப்பீங்க. மச்சினனுக்கு நான் எழுதிக் குடுத்தது இது:

1. முதல்ல வண்டியைத் தேர்ந்தெடு, வேரியன்ட்டை அப்புறம் பாத்துக்கலாம். குளோபல் என்கேப்போ, 2023 அக்டோபர்லேர்ந்து நடக்கற பாரத் என்கேப்போ, ஸ்டார் எத்தனைன்னு பாரு. வண்டியோட கூடு பலமா இல்லேன்னா மேல எத்தனை லைட்டு போட்டாலும் பிரயோஜனம் இல்ல.

2. அதுல 6 ஏர்பேக், இஎஸ்சி, பின் சீட்டுல மூணு பேருக்கும் தோள் பெல்ட், ஹெட்ரெஸ்ட், கைக்குழந்தை இருந்தா ஐசோஃபிக்ஸ். இதெல்லாம் எந்த வேரியன்ட்லேர்ந்து ஆரம்பிக்குதோ, அதுதான் உன்னோட பேஸ் மாடல். கம்பெனி சொல்றது இல்ல.

3. அதுக்கு மேல ஒரே ஒரு படி ஏறலாம், உன் ரோட்டுக்குத் தக்கபடி. ராத்திரி கிருஷ்ணகிரி, தொப்பூர் பக்கம் அடிக்கடி போறவன்னா நல்ல எல்இடி ஹெட்லைட், பின் வைப்பர், டயர்ல காத்து குறைஞ்சா சொல்ற மானிட்டர். தினமும் எலெக்ட்ரானிக் சிட்டி ஓட்டறவன்னா ஆட்டோமேட்டிக் கியர். இடது கால் உனக்குக் கோயில் கட்டும். (2025 ஆகஸ்ட்ல பொம்மசந்திரா வரைக்கும் மெட்ரோ வந்தாச்சு. அதுல போனா அதுகூட வேண்டாம்.)

4. பெரிய வீல் அழகுதான். ஆனா சக்கரம் பெருசாக ஆக டயரோட சதை குறையும். ராயக்கோட்டை ரோட்டுப் பள்ளம் நேரா முதுகுக்கு வரும், டயர் மாத்தும்போது பர்ஸுக்கும் வரும்.

5. இன்சூரன்ஸை ஷோரூம்லதான் போடணும்னு சட்டம் கிடையாது. வெளியில ரெண்டு இடத்துல கேட்டுட்டுப் போ.

"பிரேக்கைத் தானே போடுற அடாஸ்?"னு கேட்டான். நல்ல ஐட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா கோடே போடாத ரோட்டுல கோட்டுக்குள்ள ஓட்டுன்னு அது சொன்னா என்ன பண்றது? காசு மிஞ்சினா வாங்கு, அதுக்காகக் கடன் வாங்காதே.

நண்பரோட கடைசி அஸ்திரம் "ரீசேல் வேல்யூ". எட்டு வருஷம் கழிச்சு விக்கறப்போ வாங்க வர்றவன் கேக்கறது வருஷம், கிலோமீட்டர், எத்தனை ஓனர். கதவோரத்துல நீலக் கலர்ல எரியற லைட்டுக்கு எவனும் தனியா ஒரு லட்சம் குடுக்கப் போறதில்ல. "ஊர்ல என்ன நினைப்பாங்க"ங்கறது மட்டும்தான் மிச்சம் இருக்கற காரணம். அது உண்மையான காரணம்னு நானும் ஒத்துக்கறேன். எங்க தெருவுலயே வண்டி வந்து நின்னா முதல் கேள்வி "டாப் எண்டா?"ன்னுதான். மாசம் 5,700 ரூபா அந்த ஒத்தைக் கேள்விக்குப் பதில் சொல்றதுக்கு மட்டும் கட்டறோம், 84 மாசத்துக்கு.

மச்சினன் ரெண்டு வாரம் என்கூடப் பேசல. வீட்டம்மாவும் "உங்களுக்கு எதுக்கு ஊர் வம்பு?"ன்னு ஒரு வாரம் வெறும் ரசம் ஊத்தினாங்க. அப்புறம் ஒருநாள் அவனே போன் பண்ணான். நடு வேரியன்ட் புக் பண்ணிட்டானாம், மூணு மாசம் காத்திருக்கானாம். போன மாசம் வண்டி வந்துச்சு. கோயில்ல பூஜை போட்டுட்டு நேரா எங்க வீட்டுக்கு ஓட்டிட்டு வந்தான். மாமியார் பின் சீட்டுல நடுவுல, ரெண்டு பக்கமும் பேரப் பசங்க, மூணு பேருக்கும் பெல்ட். நான் உள்ள உக்காந்து பாக்கறேன், ஸ்டியரிங் பக்கத்துல ரெண்டு டம்மி சுவிட்ச். மச்சினன் ஒண்ணை விரலால தட்டி, "மாமா, இது உங்க கம்பெனியில அடிச்சதா?"ன்னான். எங்களோடது இல்ல, வேற எவனோ அடிச்சது. ஓரத்துல பிசிறு இருந்துச்சு. நானா இருந்தா ரிஜெக்ட் பண்ணியிருப்பேன் :-)

பி.கு: இந்தப் பதிவைப் படிச்சுட்டு யாராவது கார் வாங்கப் போனா ஒரே ஒரு உதவி பண்ணுங்க. சேல்ஸ்மேன் அந்த பட்டனை அமுக்கும்போது மேல பாக்காதீங்க. பின் சீட்டுல நடுவுல போய் உக்காந்து, "தம்பி, இந்த இடத்துக்கு பெல்ட் எங்க?"ன்னு சத்தமா கேளுங்க. வாங்கலைன்னாலும் பரவாயில்ல, கேளுங்க. திட்டறவங்க பின்னூட்டத்துல வந்து திட்டலாம். வரட்டுமா?